அவள் ஏன் ஓடுகிறாள்?

கதை எழுதுகிறவனுக்குச் சினிமாவைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு முதலிலேயே ஒரு கும்பிடு போட்டுவிடுகிறேன். காமிராவில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் சண்டைக்கு வந்திருப்பது காமிராவோடு அல்ல. காமிராவைக் கையில் எடுப்பதற்கு முன்னால் நாலு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து திட்டம் போடுகிறார்களே, அதோடு. அந்த மேஜையில் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு என்பது என் கட்சி.

2014ஆம் ஆண்டு டிசம்பரில் நான் லண்டனில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். பேத்திக்கு அப்போதுதான் பதினாறு முடிந்திருந்தது. இங்கிலாந்தில் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு முன் இரண்டு வருஷம் ‘ஏ லெவல்’ படிக்கிறார்கள். நம் ஊர் பிளஸ் டூ மாதிரி. அதில் அவள் எடுத்துக்கொண்ட பாடங்களில் ஒன்று மீடியா ஸ்டடீஸ். பத்திரிகையும் ரேடியோவும் சினிமாவும் எப்படி வேலை செய்கின்றன என்று படிப்பது. இதெல்லாம் ஒரு படிப்பா என்று கேலி செய்கிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். நான் அந்தக் கோஷ்டியில் இல்லை. தினமும் பார்க்கிற ஒன்றைப் பற்றிப் படித்துவிட்டுப் பார்ப்பது நல்லதுதான்.

அந்தப் பாடத்துக்கு 2008இல் ஒரு தேர்வு வாரியம் ஏற்படுத்திய வேலை இது: புதிதாக ஒரு கதைப் படத்தைக் கற்பனை செய்துகொண்டு, அதன் தொடக்கத்தை மட்டும், பெயர்கள் ஓடுவது உட்பட, இரண்டு நிமிஷத்துக்கு மேற்படாமல் எடுத்துக் காட்ட வேண்டும். தனியாகச் செய்யலாம், நாலு பேர் வரை சேர்ந்தும் செய்யலாம். மொத்தம் 100 மார்க். ஆராய்ச்சிக்கும் திட்டத்துக்கும் 20, எடுத்த படத்துக்கு 60, செய்ததைத் தாங்களே எடை போட்டு எழுதுவதற்கு 20. பல பள்ளிக்கூடங்கள் இதற்குத் திகில் படத்தையே தேர்ந்தெடுத்தன. பேத்தியின் பள்ளிக்கூடமும் அப்படித்தான்.

இந்த வேலைக்கு முன்னோடியாக ஒரு சின்னப் பயிற்சி உண்டு. அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வர வேண்டும். அறையைக் கடந்து, எதிரே இருப்பவருக்கு முன்னால் நாற்காலியில் உட்கார வேண்டும். இரண்டு வார்த்தை பேசிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். கதவுக்கு வெளியே தொடங்கிய கை அசைவு கதவுக்கு உள்ளே ஒட்டுப் போட்டது தெரியாமல் முடிய வேண்டும். நாவல் எழுத வருகிற இளைஞர்களுக்கும் இதையே முதல் பாடமாக வைக்கலாம். ஒரு மனிதனை ஒழுங்காக அறைக்குள் அழைத்து வந்து உட்கார வைக்கத் தெரியாமல் எத்தனை பேர் எழுதிக்கொண்டிருக்கிறோம்!

ஒரு சனிக்கிழமை காலை, நாலு பேர் மகள் வீட்டுச் சமையலறை மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இரண்டு பெண்கள், இரண்டு பையன்கள். ஒருவனுக்குக் காமிரா, ஒருவனுக்கு எடிட்டிங், இன்னொரு பெண்ணுக்கு நடிப்பு, என் பேத்திக்கு டைரக்‌ஷன். வேலைப் பங்கீடு ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது. பிறகு ஒரு பெரிய காகிதத்தில் எட்டுக் கட்டம் போட்டார்கள். ஸ்டோரி போர்டு என்று பெயர். ஒரு கட்டத்துக்கு ஒரு ஷாட் என்று படம் வரைந்துகொள்வது. மகள் இரண்டாவது ஈடு இட்லி எடுப்பதற்குள் எட்டுக் கட்டமும் நிரம்பிவிட்டது.

எட்டிப் பார்த்தேன். முதல் கட்டத்தில் மூடுபனியும் மரங்களும். இரண்டாவதில் ஓடுகிற இரண்டு கால்கள். மூன்றாவதில் ஒரு பெண் திரும்பிப் பார்க்கிறாள். நாலாவதில் முக்காட்டுச் சட்டை போட்ட ஓர் ஆள், முகம் தெரியாது. ஐந்தாவதில் அவள் வேர் தடுக்கி விழுகிறாள். ஆறாவதில் டெலிபோனை எடுக்கிறாள், சிக்னல் இல்லை. ஏழாவதில் ஒரு கை. எட்டாவது கட்டம் முழுக்கக் கறுப்பு. அதில் படத்தின் பெயர் வரும். பெயர் மட்டும் இன்னும் வைக்கவில்லை.

“ரொம்ப நன்றாக வரைந்திருக்கிறீர்கள். அவள் ஏன் ஓடுகிறாள்?” என்று கேட்டேன்.

“அவன் துரத்துகிறான்” என்றான் காமிராப் பையன்.

“அவன் ஏன் துரத்துகிறான்?”

“அவன்தான் வில்லன்.”

“சரி, அவள் யார்?”

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேத்திக்குத் தாத்தா தன் ஸ்நேகிதர்களுக்கு எதிரே பரீட்சை வைக்கிறாரே என்று கோபம். “தாத்தா, அதெல்லாம் ரெண்டு நிமிஷத்துலே வராது. இது தொடக்கம் மட்டும்தான். மீதிப் படத்தை யாரும் எடுக்கப் போறதில்லே” என்றாள்.

நான் மறுப்பது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். மீதிப் படத்தை எடுக்கப் போவதில்லை என்பது வாஸ்தவம். அதனால் மீதிக் கதை தெரிய வேண்டாம் என்பது அபத்தம். தெரிந்ததை எல்லாம் காட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காட்டாமல் விடுவதற்கே தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன். தொடக்கம் என்பது வாசகனுக்குக் கொடுக்கிற பிராமிசரி நோட்டு. இரண்டு நிமிஷ நோட்டானாலும் கையெழுத்துப் போடுகிறவன் தன்னிடம் பணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போட வேண்டாமா?

இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்றால், பாதி உண்டு. மீதி பாதிக்கு நானே குற்றவாளி. வாரப் பத்திரிகைகளில் தொடர்கதைக்குச் சிம்மாசனம் போட்டிருந்த காலத்தில் நானும் ஒரு மர்மத் தொடர் எழுதினேன். முதல் அத்தியாயத்தில் பிணம் விழ வேண்டும் என்றார் ஆசிரியர். விழ வைத்தேன். ஒரு தனி வீட்டில் மாடிப்படிக்கு அடியில், வலது கையில் கிழிந்த கடிதத் துண்டோடு ஓர் இளம் பெண். அவள் யார், யார் கொன்றார்கள், கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. வாரா வாரம் சமாளித்தேன். பதினெட்டாம் வாரத்தில், அதுவரை கதையில் காலெடுத்தே வைக்காத ஒரு மாமாவைக் கொலைகாரன் ஆக்கி முடித்தேன். ஆசிரியருக்குத் திருப்தி.

தொடர் முடிந்த பிறகு ஒரு வாசகி தபால் அட்டை போட்டிருந்தார். கொலைகாரன் யார் என்பது தெரிந்தது, சந்தோஷம். ஆனால் செத்துப்போன அந்தப் பெண்ணுக்கு எந்த ஊர், அவளைத் தேடி யாராவது அழுதார்களா என்று பதினெட்டு வாரத்தில் ஓர் இடத்தில்கூட வரவில்லையே, ஏன் என்று கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. முதல் அத்தியாயத்துக்கு ஒரு பிணம் தேவைப்பட்டது, அதனால் அவளைக் கொன்றேன் என்று எந்த வாயால் சொல்வது?

அந்தச் சமையலறையில் எட்டுக் கட்டங்களைப் பார்த்தபோது எனக்கு அந்தத் தபால் அட்டைதான் ஞாபகம் வந்தது.

நல்ல திகில் படங்கள் எப்படித் தொடங்குகின்றன என்று பாருங்கள். ஃபிரிட்ஸ் லாங் 1931இல் ஜெர்மனியில் எடுத்த ‘எம்’ படத்தில் யாரும் ஓடவில்லை. பெர்லின் நகரத்து ஒண்டுக் குடித்தன முற்றத்தில் குழந்தைகள் வட்டமாக நின்று, கொலைகாரனைப் பற்றிப் பாட்டுச் சொல்லி விளையாடுகிறார்கள். ஒரு தாய் பள்ளிக்கூடம் விட்டு வரப்போகும் மகளுக்குத் தட்டு வைக்கிறாள். கடிகாரத்தைப் பார்க்கிறாள். தெருவில் அந்தச் சிறுமி பந்து தட்டிக்கொண்டு போகிறாள். கொலைகாரனைப் பிடித்தால் இனாம் என்று அறிவிக்கிற சுவரொட்டியின் மேல் ஒரு நிழல் விழுகிறது. அப்புறம் தாய் மகளின் பெயரைக் கூப்பிடுகிறாள். காலிப் படிக்கட்டு. காலித் தட்டு. புல்லில் உருண்டு வந்து நிற்கிற பந்து. தந்திக் கம்பியில் சிக்கித் துடிக்கிற பலூன். கத்தி இல்லை, ரத்தம் இல்லை, அலறல் இல்லை. ஆனாலும் நெஞ்சு அடைக்கிறது. அந்தக் குழந்தைக்கு ஒரு தட்டும், தட்டு வைக்க ஒரு தாயும் இருப்பது நமக்குத் தெரிந்துவிட்டது.

ஹிட்ச்காக்கின் ‘ஸைக்கோ’, 1960. வெள்ளைக்காரர்களின் திகில் படத்துக்கெல்லாம் பாட்டன் என்று அதைச் சொல்கிறார்கள். அது எப்படித் தொடங்குகிறது? ஊர் ஃபீனிக்ஸ், டிசம்பர் 11, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2.43 என்று எழுத்து வருகிறது. காமிரா ஒரு ஜன்னல் வழியே மலிவான ஓட்டல் அறைக்குள் நுழைகிறது. சாப்பாட்டு வேளையில் ஆபீஸிலிருந்து வந்த ஒருத்தியும் அவள் காதலனும் கடனைப் பற்றியும், கல்யாணம் செய்துகொள்ள முடியாததைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பயம் எங்கே? பயம் பிறகு வரும். முதலில் அவளுடைய பணத் தட்டுப்பாடு வருகிறது. அது தெரியாவிட்டால், பின்னால் நாற்பதாயிரம் டாலரை அவள் எடுத்துக்கொண்டு புறப்படும்போது நமக்கு என்ன கவலை?

‘அவர்கள் பெரிய டைரக்டர்கள், பெரிய படம், நிதானமாகச் சொல்ல நேரம் இருந்தது, தொடக்கத்திலேயே அடித்துவிட வேண்டும் என்கிறவன் என்ன செய்வான்?’ என்று கேட்பீர்கள். சரி, நம் ஊருக்கே வாருங்கள். 1954இல் எஸ். பாலசந்தர் எடுத்த ‘அந்த நாள்’, பாட்டே இல்லாத தமிழ்ப் படம். தொடங்கியதும் துப்பாக்கி வெடிக்கிறது. சிவாஜி கணேசன் செத்து விழுகிறார். அதற்கு மேல் என்ன அடி வேண்டும்? ஆனால் அந்தக் குண்டுக்குப் பின்னால் 1943ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னை மேல் ஜப்பானியக் குண்டு விழுந்த காலம் இருக்கிறது. செத்தவன் ஒரு ரேடியோ எஞ்சினீயர் என்பது இருக்கிறது. அவனைச் சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. படம் முழுதும் அந்த முதல் வெடிச் சத்தத்துக்குச் சொல்லும் பதில்தான். கொன்றது யார் என்று இங்கே சொல்லப் போவதில்லை. பார்க்காதவர்கள் பாருங்கள்.

சென்னையில் ஒரு கல்லூரியில் காட்சி ஊடகம் சொல்லிக்கொடுக்கிற ஸ்நேகிதர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் ஒப்பவில்லை. “ஐயா, உங்களைப் போன்ற எழுத்தாளர்களுக்குச் சினிமா என்றாலே கதைதான். பிள்ளைகள் கற்க வேண்டியது காமிரா, வெட்டு, ஒலி. அதற்குத்தான் மார்க். இரண்டு நிமிஷப் பயிற்சிக்குப் போய்ப் பூர்வ கதை கேட்கிறீர்களே! சங்கீதம் கற்கிறவனிடம் ஸரிகமவுக்கு அர்த்தம் கேட்பீர்களா? ஹிட்ச்காக்கே சொல்லியிருக்கிறார், படத்தில் எல்லாரும் துரத்துகிற பொருள் என்னவாக இருந்தாலும் ஒன்றுதான் என்று” என்றார்.

கெட்டிக்கார வாதம். பதில் சொல்கிறேன். காமிராவை அவளுக்கு முன்னால் வைத்தால் அவள் முகம் தெரிகிறது. அவளோடு சேர்ந்து நாமும் பயப்படுகிறோம். அவள் முதுகுக்குப் பின்னால் வைத்தால் நாமே அவளைத் துரத்துகிறோம். எங்கே வைக்கப் போகிறீர்கள்? இது காமிராக் கேள்வியா, கதைக் கேள்வியா? இரண்டு பேருக்கு நடுவே ஒரு கோடு கற்பித்துக்கொண்டு, காமிரா அதைத் தாண்டக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கிறீர்களே, 180 டிகிரி விதி என்று. அதை மீறி அவளை இடமிருந்து வலமாகவும் அவனை வலமிருந்து இடமாகவும் ஓட விட்டால் என்ன ஆகும்? துரத்துகிறவன் எதிரே வந்து சந்திக்கப் போகிறவனாகத் தெரிவான். உங்கள் இலக்கண விதியே யார் யாரை நோக்கி, எதற்காகப் போகிறார்கள் என்று கேட்கிறது. துரத்தப்படுகிற பொருள் என்னவாகவும் இருக்கலாம் என்றுதான் ஹிட்ச்காக் சொன்னார்; துரத்தப்படுகிற ஆள் யாராகவும் இருக்கலாம் என்று சொல்லவில்லை.

1962இல் த்ருஃபோ என்ற பிரெஞ்சு டைரக்டருக்கு அவர் கொடுத்த நீண்ட பேட்டியில் ஓர் உதாரணம் வருகிறது. மேஜைக்கு அடியில் வெடிகுண்டு. நமக்குத் தெரியாமல் வெடித்தால் சில விநாடி அதிர்ச்சி, அவ்வளவுதான். குண்டு இருப்பதை நமக்கு முன்கூட்டியே காட்டிவிட்டால், மேஜையில் உட்கார்ந்திருப்பவர்கள் பேசுகிற வெட்டிப் பேச்சைக்கூடப் பதைபதைப்போடு கேட்போம். இந்த உதாரணத்தைச் சொல்லாத சினிமா வாத்தியார் இல்லை. அதில் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். மேஜையில் யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும். காலி மேஜைக்கு அடியில் குண்டு வைத்து யாரையும் பதைக்க வைக்க முடியாது.

குழுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாலு பேர் சேர்ந்து வேலை செய்வது நல்ல பழக்கம். ஆனால் அன்று நடந்தது என்ன? காமிராப் பையனுக்கு மூடுபனி வேண்டும். எடிட்டிங் பையனுக்கு ‘செவன்’ என்ற 1995ஆம் ஆண்டுப் படத்தின் பெயர்த் தலைப்பு மாதிரி எழுத்து துடிக்க வேண்டும். நடிக்கிற பெண்ணுக்கு ஒரு குளோஸ் அப். என் பேத்திக்கு அந்தக் கை. ஆளுக்கு இரண்டு கட்டம் என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். காமிராவுக்குப் பொறுப்பாளி உண்டு, ஒலிக்கு உண்டு, டிபனுக்குக்கூட என் மகள் உண்டு. ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பொறுப்பாளி யாரும் இல்லை. ‘செவன்’ தலைப்பில் யாரோ ஒருவன் நோட்டுப் புத்தகம் தைக்கிறான், பிளேடால் விரல் நுனியைச் சீவுகிறான். அது ஒரு குறிப்பிட்ட கொலைகாரனின் நோட்டு. அவனை விட்டுவிட்டு எழுத்தின் துடிப்பை மட்டும் எடுத்துக்கொண்டால், அது எழுத்துக்கு வந்த குளிர்ஜுரம்.

காரியத் திட்டத்தில் அவர்கள் கெட்டிக்காரர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். லண்டனில் டிசம்பரில் நாலு மணிக்குள் சூரியன் போய்விடும்; அதனால் பன்னிரண்டு மணிக்கே காட்டில் இருக்க வேண்டும் என்று குறித்தார்கள். அடுத்த சனிக்கிழமை மறுபடி எடுக்க நேர்ந்தால் அதே செருப்பு, அதே ஜடை என்று எழுதினார்கள். பூங்காக் காவலரிடம் அனுமதி, வேர் தடுக்கி நிஜமாகவே விழுந்தால் கட்டுத்துணி, பொம்மைக் கத்தியைப் பொது இடத்தில் வெளியே எடுத்தால் போலீஸ் வந்துவிடும் என்பதால் அது வேண்டாம் என்ற முடிவு, எல்லாம் இருந்தது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. இவ்வளவு கவனத்தில் பத்தில் ஒரு பங்கு அந்தப் பெண் யார் என்பதற்குப் போயிருக்கக் கூடாதா?

அன்று சாயங்காலம் அவர்கள் போன பிறகு பேத்தியிடம், ஏன் ஓடுகிறவள் எப்போதும் பெண்ணாகவே இருக்கிறாள் என்று கேட்டேன். “எல்லாப் படத்துலேயும் அப்படித்தானே, தாத்தா” என்றாள்.

“உனக்கு நிஜமாகப் பயம் வந்திருக்கிறதா?”

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். குளிர்காலத்தில் பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸை விட்டு இறங்கும்போதே இருட்டிவிடும். நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு ஏழு நிமிஷ நடை. பின்னால் காலடிச் சத்தம் கேட்டால் காதில் இருக்கிற பாட்டை நிறுத்திவிடுவாள். ஆனால் காதுக் கருவியை எடுக்கமாட்டாள்; கவனிக்கிறோம் என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியக் கூடாது. வீட்டுச் சாவியைக் கைக்குள் வைத்து, அதன் முனை விரல் இடுக்கில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி பிடித்துக்கொள்வாள். வீட்டு வாசலில் நின்று சாவியைப் போடும்போதுதான் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள். பெரும்பாலும் அது நாயோடு வருகிற பக்கத்து வீட்டுக்காரர். தன் சிநேகிதிகள் எல்லாரும் இப்படித்தான் என்றாள். இதை அவள் அம்மாவிடம் சொன்னதில்லை.

நான் அசந்து போனேன். “இதை ஏன் எடுக்கவில்லை?”

“இது சினிமா இல்லையே, தாத்தா!”

இந்தப் பதிலுக்காகத்தான் இத்தனை வருஷம் கழித்தும் இந்தக் கட்டுரை. காட்டில் ஓடுகிற அந்தப் பெண்ணுக்கு என்ன பயம் என்று நாலு பேருக்கும் தெரியாது. பஸ் நிறுத்தத்திலிருந்து நடக்கிற பெண்ணுக்கு என்ன பயம், எப்போதிலிருந்து, எந்தத் தெரு விளக்குக்கு அப்புறம் என்று என் பேத்திக்கு அணு அணுவாகத் தெரியும். தெரிந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, இன்னொருவர் படத்திலிருந்து கடன் வாங்கின பயத்தை எடுக்கப் போகிறாள். ஏனென்றால் பயம் என்றால் மூடுபனி, பயம் என்றால் அலறல் என்று பார்த்த படங்கள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. தன் சாவிக்கொத்து ஒரு பொருட்டல்ல என்றும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. படிப்பு என்று ஒன்று இருந்தால் அதை மாற்றிச் சொல்ல வேண்டாமா?

நான் ஜெயித்ததாக முடிக்க ஆசைதான். ஆனால் நடந்தது வேறு. அவர்கள் காட்டுக்குப் போனார்கள். அந்தப் பெண் ஓடினாள், விழுந்தாள், கை வந்தது. மூடுபனி மட்டும் வரவில்லை, எடிட்டிங்கில் சேர்த்துக்கொண்டார்கள். மார்க்கும் நன்றாகவே வந்தது. பேத்தி இப்போது வேறு வேலையில் இருக்கிறாள். அந்த இரண்டு நிமிஷத்தைப் பற்றிக் கேட்டால் செருப்பு மாறிப்போன ஷாட்டைச் சொல்லிச் சிரிக்கிறாள். ஓடினவளுக்கு ஒரு பெயர் வைத்தார்களா என்று கேட்டேன். ஞாபகம் இல்லை என்றாள்.

2017 முதல் அந்த நாட்டில் பாடத்திட்டம் மாறிவிட்டது. ஏ லெவல் மீடியா ஸ்டடீஸில் இப்போது அவரவர் வேலையை அவரவர் தனியாகத்தான் செய்ய வேண்டும். குழுவைக் கலைத்தால் இந்த நோய் போய்விடும் என்று நான் நம்பவில்லை. ஒருவன் தனியாக உட்கார்ந்தும் எட்டுக் கட்டத்தைக் கடனாக நிரப்பலாம். என் தொடர்கதையை நான் தனியாகத்தான் எழுதினேன். இங்கே நம் கல்லூரிகளில் குறும்படம் எடுக்கிற பிள்ளைகளும் அதே முக்காட்டுச் சட்டையைத்தான் தேடிக்கொண்டு போகிறார்கள்.

வாத்தியார்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். திட்டத்துக்கு 20 மார்க் கொடுங்கள், 30 கொடுங்கள். ஆனால் கட்டம் போட்ட காகிதத்தைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கொடுங்கள். அதில் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்: பயப்படுகிறவர் யார், எதற்குப் பயப்படுகிறார், எப்போதிலிருந்து. நாலு பேர் குழுவானால் ஒருவர் எழுதட்டும், மற்ற மூன்று பேரும் வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை செய்யட்டும். அந்த மூன்று வரி நிற்கிற வரையில் காமிராவைப் பூட்டியே வையுங்கள். சாவியை யாரிடம் கொடுப்பது என்று கேட்டால், என் பேத்தியைப் போல இருட்டில் நடந்து வீடு சேர்கிற ஒரு பெண்ணிடம் கொடுக்கலாம்.